ஒரே பலகை, இரண்டு விதிகள்

பரமபதப் படத்தை விரித்து ஆடிய தலைமுறை இன்னும் நம்மிடையே இருக்கிறது. ஏணியின் அடியில் ஒரு நற்குணத்தின் பெயரும், பாம்பின் தலையருகே ஒரு தீக்குணத்தின் பெயரும் எழுதப்பட்டிருக்கும். தாயம் விழுவது நம் கையில் இல்லை. ஆயினும் மனிதன் ஏறுவதும் இறங்குவதும் அறத்தோடு தொடர்புடையவை என்னும் எண்ணம், ஆடுகின்ற குழந்தையின் நெஞ்சில் ஓசையின்றிப் பதிந்துவிடும். இன்று நம் பிள்ளைகள் விரிக்கும் பலகை வேறு. அதன் கட்டங்களில் குணங்களின் பெயர் இல்லை. ஊர்களின் பெயரும், அவற்றின் விலையும், வாடகையும் உள்ளன. 'பிசினஸ்' என்றும் 'டிரேட்' என்றும் நம் கடைகளில் விற்கப்படும் அந்த விளையாட்டு, 'மோனோபொலி' என்னும் அமெரிக்க விளையாட்டின் வழிவந்தது.

மே மாதத்தில் ஏலகிரிக்குச் சென்றால் இதனை எளிதில் காணலாம். வேலூரிலும் ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் வெயில் கொளுத்தும் நாள்களில், வசதியுள்ள குடும்பங்கள் மலையேறி, அத்தனாவூர்ப் பக்கம் ஒரு காட்டேஜை இரண்டு நாளுக்கு வாடகைக்கு எடுத்துத் தங்குவது வழக்கமாகிவிட்டது. பகலில் புங்கனூர் ஏரியில் படகு. மாலையில் குளிர் இறங்கியதும் பிள்ளைகள் அறைக்குள் இந்தப் பெட்டியைத் திறக்கிறார்கள். வாடகைக்கு எடுத்த அறையில் உட்கார்ந்து வாடகை வாங்கும் விளையாட்டை ஆடுகிறார்கள். முதல் மணி நேரம் சிரிப்பு. அடுத்த மணி நேரம் கணக்கு. மூன்றாம் மணி நேரத்தில் ஒருவர் கையில் எல்லாம் சேர்ந்துவிட, மற்றவர்கள் முகம் வாடி எழுந்து போகிறார்கள். "விளையாட்டுத்தானே!" என்று பெரியவர்கள் ஆறுதல் சொல்கிறார்கள்.

விளையாட்டுத்தான். ஆனால் அங்கே ஒரு கேள்வி எழாமல் இல்லை. யாரும் ஏமாற்றவில்லை, யாரும் யாரிடமும் திருடவில்லை, ஒவ்வொருவரும் விதியை எழுத்துப் பிசகாமல் காத்தார்கள். அப்படியிருந்தும் முடிவில் ஏதோ ஒரு நியாயக்குறைவு நேர்ந்துவிட்டது என்று தோற்ற குழந்தை உணர்கிறதே, அது ஏன்? அந்த உணர்வு வெறும் தோல்வியின் கசப்பா? அல்லது விதியைக் காப்பதும் நீதியைக் காப்பதும் ஒன்றல்ல என்று அதன் உள்ளம் கண்டுகொண்டதா? இக்கேள்வியை நாம் சற்றுப் பொறுமையோடு எண்ணிப் பார்ப்போம்.

ஆட்டத்தின் போக்கு

மோனோபொலியில் எல்லாரும் 1,500 டாலரோடு தொடங்குகிறார்கள். பலகையைச் சுற்றி 40 கட்டங்கள். பகடை காட்டிய கட்டத்தில் நிற்பவர் அந்த இடம் விற்பனைக்கு இருந்தால் வாங்கலாம். வேறொருவர் வாங்கியிருந்தால் அவருக்கு வாடகை கொடுக்க வேண்டும். ஒரே நிறமுள்ள கட்டங்கள் அனைத்தையும் ஒருவர் பெற்றுவிட்டால், வெறும் மனைக்கே வாடகை இருமடங்காகும். பின் வீடுகள் கட்டலாம். வீடுகளை ஓட்டலாக மாற்றலாம். 'போர்டுவாக்' என்னும் விலைமிக்க கட்டத்தில் வெறும் மனைக்கு வாடகை 50 டாலர். ஓட்டல் எழுந்துவிட்டால் 2,000 டாலர். அதாவது, ஆட்டம் தொடங்கும்போது ஒருவர் கையில் இருந்த முழுத்தொகையைவிட ஓர் இரவின் வாடகை மிகுதி.

இதில் தேர்ந்தவர்கள் அறிந்த ஓர் உத்தி உண்டு. பெட்டியில் 32 வீடுகளும் 12 ஓட்டல்களும் மட்டுமே உள்ளன. ஒரு மனையில் நான்கு வீடு கட்டியவர் அவற்றைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஓட்டல் எழுப்பலாம். ஆனால் தேர்ந்த ஆட்டக்காரர் அவ்வாறு செய்யாமல் வீடுகளைத் தம்மிடமே நிறுத்தி வைப்பார். மற்றவர் கட்ட நினைக்கும்போது வங்கியில் வீடே இராது. தமக்குத் தேவைப்படாத வீடுகளைப் பிடித்து வைத்துக்கொண்டு, பிறர்க்கு வீடு கிடைக்காமற் செய்வது இது. விதி இதனைத் தடுக்கவில்லை. ஆட்டக்காரர்கள் இதனைத் திறமை என்று பாராட்டுகிறார்கள். நகரில் பூட்டிக்கிடக்கும் வீடுகளையும், அதே தெருவில் வீடு தேடி அலையும் குடும்பங்களையும் கண்டிருக்கும் நமக்கு இந்த உத்தி புதிதன்று.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. இந்த ஆட்டத்தில் தீயவர் எவரும் தேவையில்லை. நான்கு நல்லவர்கள் உட்கார்ந்து ஆடினாலும் முடிவு ஒன்றுதான்: ஒருவர் எஞ்சுவார், மூவர் திவாலாவார். ஆக, அந்த முடிவு ஆட்டக்காரர்களின் மனத்திலிருந்து வரவில்லை, விதியிலிருந்து வருகிறது. அப்படியானால் விதியை எழுதியவர் யார், எதற்காக எழுதினார் என்று கேட்பது நியாயமே.

எலிசபெத் மேகி கண்ட பலகை

நெடுங்காலம் சொல்லப்பட்ட கதை இது: 1930-களின் பெரும் பொருளாதார வீழ்ச்சியில் வேலையிழந்த சார்லஸ் டாரோ என்பவர் இவ்விளையாட்டைத் தாமே கண்டுபிடித்து, 1935-இல் பார்க்கர் பிரதர்ஸ் நிறுவனத்துக்கு விற்றுச் செல்வரானார். 1970-களில் 'ஆன்டி-மோனோபொலி' என்னும் விளையாட்டை வெளியிட்ட ரால்ஃப் ஆன்ஸ்பாக் என்னும் பொருளியல் பேராசிரியருக்கும் அந்நிறுவனத்துக்கும் இடையே நெடிய வழக்கு மூண்டது. அதற்காகப் பழைய ஆதாரங்களைத் தேடியபோதுதான் உண்மை வெளிப்பட்டது.

இதன் மூலத்தை வகுத்தவர் எலிசபெத் மேகி என்னும் பெண்மணி, சுருக்கெழுத்தாளராக உழைத்தவர். 1904 ஜனவரி 5 அன்று அவருக்குக் காப்புரிமை வழங்கப்பட்டது. விளையாட்டின் பெயர் 'நிலவுடைமையாளரின் ஆட்டம்'. அதிலும் கட்டங்களைச் சுற்றி வரவேண்டும். நிலம் வாங்கி வாடகை பெறலாம். ஆனால் அப்பலகையில் வேறு சில நுட்பங்களும் இருந்தன. சுற்றை முடிப்பவர் பூமித்தாயின் மேல் உழைத்ததற்குக் கூலியாக 100 டாலர் பெறுவார். ஓர் அயல்நாட்டுப் பிரபுவின் நிலத்தில் கால்வைத்தவர் அத்துமீறிய குற்றத்துக்காகச் சிறை செல்வார். கையில் ஒன்றுமில்லாதவர் தங்க ஓர் ஏழையர் விடுதி இருந்தது. ஒரு மூலையில் பொதுப் பூங்காவும் இருந்தது.

மேகி அம்மையார் ஹென்றி ஜார்ஜ் என்பவரின் கொள்கையைப் பின்பற்றியவர். 1879-இல் வெளிவந்த 'முன்னேற்றமும் வறுமையும்' என்னும் நூலில் ஜார்ஜ் எழுப்பிய கேள்வி இதுதான்: நாடு வளர வளர ஏழைகளும் ஏன் பெருகுகிறார்கள்? அவர் கண்ட விடை நிலம். ஊர் வளர்வதால் நிலத்தின் மதிப்பு உயர்கிறது. அம்மதிப்பை உண்டாக்கியவர்கள் ஊரார் அனைவரும். ஆனால் பயன் உடைமையாளர் ஒருவருக்கே போய்ச் சேர்கிறது. ஆகவே மனிதன் உழைப்பால் ஆக்கியவற்றின்மீது வரி வேண்டாம், நில மதிப்பின்மீது மட்டும் வரி விதித்து அதனைப் பொதுநலனுக்குச் செலவிடுக என்றார்.

இதனை மக்களுக்குக் கற்பிக்கவே மேகி பலகையை வகுத்தார். அதை இரு விதமாக ஆடவும் வழி செய்தார். ஒரு விதியின்படி ஆடினால் வாடகை உடைமையாளரின் பைக்குச் செல்லும்; முடிவில் ஒருவர் எல்லாவற்றையும் விழுங்குவார். மற்ற விதியின்படி நிலத்துக்குரிய வாடகை பொதுக் கருவூலத்துக்குச் செல்லும். மிகக் குறைந்த பணம் உடையவரின் கையிருப்பு இருமடங்கானதும் ஆட்டம் நிறைவுபெறும். கட்டங்கள் அவையே, பகடையும் அதுவே, ஆடுபவரும் அவர்களே. விதி மட்டும் மாறுகிறது. விதியோடு மனிதர்களின் கதியும் மாறுகிறது. இதனைக் கண்ணால் காட்டுவதே அவர் நோக்கம்.

நடந்தது வேறு. மக்கள் முதல் விதியையே விரும்பி ஆடினார்கள். இரண்டாவது விதி மெல்ல மறக்கப்பட்டது. 1935-இல் பார்க்கர் பிரதர்ஸ் அவருடைய காப்புரிமையை 500 டாலருக்கு வாங்கிக்கொண்டது; விற்பனையில் பங்கு ஏதும் இல்லை. 1948-இல் அவர் மறைந்தபோது அவர் பெயரை அறிந்தவர் சிலரே. ஏகபோகத்தின் தீமையைக் காட்டுவதற்காகச் செய்த பலகை, ஏகபோகத்தின் இன்பத்தைக் கற்றுத்தரும் பலகையாக உலகெங்கும் பரவிற்று. எச்சரிக்கையை நாம் கேளிக்கையாக மாற்றிக்கொண்டோம்.

பலகை மறைப்பவை

இவ்விளையாட்டைச் சிறுவர்களிடமிருந்து பிடுங்க வேண்டும் என்று நாம் சொல்லவரவில்லை. கணக்குப் பழகவும், பொறுமை பழகவும், தோல்வியைத் தாங்கவும் அது உதவும். ஆனால் அது வாழ்வைப் போன்றது என்று எண்ணும் இடத்தில்தான் ஆபத்து. ஏனெனில் பலகை மூன்று உண்மைகளை மறைக்கிறது.

முதலாவது, தொடக்கம். பலகையில் எல்லாரும் ஒரே தொகையோடு, ஒரே கட்டத்திலிருந்து புறப்படுகிறார்கள். வாழ்வில் அப்படியில்லை. ஒருவர் பிறக்கும்போதே பல கட்டங்கள் அவர் பெயரில் எழுதப்பட்டிருக்கின்றன. வேறொருவர் ஆட்டத்துக்கு வந்து சேர்வதற்குள் எல்லாக் கட்டங்களும் விற்றுத் தீர்ந்துவிடுகின்றன. பின்னால் வந்தவரைப் பார்த்து, "எல்லாருக்கும் ஒரே விதிதானே, நீ ஏன் முன்னேறவில்லை?" என்று கேட்பது எளிது. தலைமுறை தலைமுறையாக நிலம் வைத்திருக்க விடப்படாதவர்கள் நம் நாட்டில் எத்தனை பேர்! அவர்களுக்குப் பொதுவான விதி என்பது, பாதி ஆட்டத்தில் வாசிக்கப்பட்ட விதி.

இரண்டாவது, குடியிருப்பவர். பலகையில் வாடகை கொடுப்பவர் வழிப்போக்கர். பகடை அவரை அங்கே கொண்டு நிறுத்தியது. கொடுத்துவிட்டு அடுத்த கட்டம் போய்விடுவார். அந்தப் பச்சை வீட்டுக்குள் யாரும் வசிப்பதில்லை. உண்மையில் வாடகை கொடுப்பவர் அங்கே சமைக்கிறார், பிள்ளை பெறுகிறார், முதியவரை அடக்கம் செய்கிறார். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் தோல் பதனிடும் தொழிலும் காலணித் தொழிலும் வளர்ந்தபோது, சுற்றுப்புறச் சிற்றூர்களிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள் லைன் வீடுகளில் குடியேறினார்கள். ஓர் அறை, ஒரு சமையல் மூலை, பல குடும்பங்களுக்குப் பொதுவாக ஒரு குழாய். விடியலில் கம்பெனிப் பேருந்தைப் பிடிக்க ஓடும் பெண்ணுக்கு அந்த ஓர் அறைதான் உலகம். மாதத்தின் முதல் வாரத்தில் சம்பளத்திலிருந்து முதலில் பிரிவது வாடகை. அதன் பின்புதான் அரிசி, பள்ளிக் கட்டணம், மருந்து. வாடகை ஐந்நூறு ரூபாய் ஏறினால் பலகையில் அது ஓர் எண். அந்த வீட்டில் அது ஒரு குழந்தையின் பால்.

மூன்றாவது, மதிப்பு எங்கிருந்து வந்தது என்பது. பலகையில் ஒவ்வொரு கட்டத்தின் விலையும் அச்சடிக்கப்பட்டிருக்கிறது; வானத்திலிருந்து இறங்கியதுபோல் அது நிற்கிறது. ஏலகிரியில் ஒரு சென்ட் நிலத்துக்கு இன்றுள்ள மதிப்பை எண்ணிப் பார்ப்போம். ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரத்தில் உள்ள இம்மலையின் குளிர்ச்சியை எந்த மனையின் உரிமையாளரும் உண்டாக்கவில்லை. மலைக்கு ஏறும் சாலையை அரசு அமைத்தது. அச்செலவு நம் அனைவரின் வரிப்பணம். புங்கனூர் ஏரி செயற்கையாக அமைக்கப்பட்டது. பலாவும் கொய்யாவும் வளர்த்து, தேன் எடுத்து, தலைமுறைகளாக இம்மலையின் 14 சிற்றூர்களில் வாழ்ந்துவரும் மலையாளிப் பழங்குடி மக்கள் இதனைப் பேணி வைத்திருந்தார்கள். இத்தனை பேர் சேர்ந்து உண்டாக்கிய மதிப்பு, பத்திரத்தில் பெயருள்ளவர் கையில் வாடகையாக வந்து சேர்கிறது.

இங்கே ஒரு வேறுபாட்டை நாம் தெளிவாகப் பிரித்துக் காண வேண்டும். காட்டேஜ் கட்டியவர் செங்கல்லுக்கும் மரத்துக்கும் பணம் போட்டார். தண்ணீர் ஏற்றுகிறார், விரிப்பு துவைக்கிறார், கூரை பழுது பார்க்கிறார். அதற்குரிய வாடகை அவர் உழைப்புக்கும் முதலுக்கும் உரிய பலன்; அதில் குறைகூற ஒன்றுமில்லை. ஆனால் அந்த வாடகைக்குள் இன்னொரு பகுதி ஒளிந்திருக்கிறது. அது மலையின் குளிர்ச்சிக்கும் சாலைக்கும் ஊருக்கும் உரிய விலை. அந்தப் பகுதி யாருடையது என்பதே ஹென்றி ஜார்ஜ் எழுப்பிய கேள்வி. அவர் தந்த விடையை ஏற்கலாம், மறுக்கலாம். கேள்வியை மட்டும் நாம் தட்டிக்கழிக்க முடியாது.

திருச்சபையில் எழுந்த விவாதம்

இக்கேள்வி நம் திருச்சபைக்குள்ளும் ஒரு காலத்தில் பெரும் புயலை எழுப்பியது. நியூயார்க் நகரில் புனித ஸ்தேவான் பங்கின் குருவாயிருந்த எட்வர்டு மக்ளின் அடிகளார், 1886-இல் ஹென்றி ஜார்ஜ் அந்நகரின் மேயர் பதவிக்குப் போட்டியிட்டபோது வெளிப்படையாக ஆதரித்தார். தம் பங்கில் வாடகைக் குடியிருப்புகளில் நெருக்கிக் கிடந்த ஏழைகளைக் கண்டவர் அவர். பேராயர் அவரைப் பணியினின்று விலக்கினார். 1887-இல் அவர் திருச்சபையினின்று விலக்கப்பட்டார். 1891 மே 15 அன்று திருத்தந்தை 13-ஆம் சிங்கராயர் 'ரேரும் நொவாரும்' என்னும் சுற்றுமடலை வெளியிட்டார். தொழிலாளரின் நியாயமான கூலியை வலியுறுத்திய அம்மடல், தனியுடைமை இயற்கையான உரிமை என்றும் உறுதியாக எடுத்துரைத்தது. அது தம் கொள்கையை மறுப்பதாகக் கருதிய ஜார்ஜ், அதே ஆண்டில் திருத்தந்தைக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். 1892 டிசம்பரில் மக்ளின் அடிகளார் மீதிருந்த தண்டனை நீக்கப்பட்டது. அவர் மீண்டும் பலிபீடத்தில் நின்றார்.

இவ்வரலாற்றிலிருந்து நாம் பெறும் பாடம் என்ன? திருச்சபை ஒருவர்க்குச் சொந்த வீடும் சொந்த நிலமும் இருப்பதைக் குற்றம் என்று சொல்லவில்லை. தனக்கென ஓர் இடம் இருந்தால்தான் மனிதன் நிமிர்ந்து நிற்கிறான். ஆனால் அதே மரபு இன்னொன்றையும் சொல்லிவந்தது. புனித தோமா அக்குவினார், பொருளை நிர்வகிக்கும் உரிமை தனியாருக்கு இருக்கலாம், பயன்படுத்துவதில் மட்டும் அதனைப் பொதுவானதாகக் கருதித் தேவையில் இருப்போரோடு பகிர ஆயத்தமாயிருக்க வேண்டும் என்று கற்பித்தார். 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் 'இன்றைய உலகில் திருச்சபை' என்னும் ஏடும், 2015-இல் திருத்தந்தை பிரான்சிசு எழுதிய 'லவுதாத்தோ சீ' மடலும் இதனையே மீண்டும் கூறின: படைப்பின் நலன்கள் அனைவருக்கும் உரியவை, தனியுடைமை அந்தப் பெரிய உரிமைக்குக் கீழ்ப்பட்டது. ஆகவே "இது என் வீடு" என்று சொல்லும் உரிமை நமக்கு உண்டு. ஆனால் அச்சொல்லோடு விவாதம் முடிந்துவிடுவதில்லை.

விவிலியத்தில் நாபோத்தின் கதையை நாம் அறிவோம். அரசன் ஆகாபு முதலில் கேட்டது நேர்மையான பேரமே. வேறு தோட்டம் தருவதாகவும், விலை தருவதாகவும் சொன்னான். நாபோத்து மறுத்தான், மூதாதையர் விட்டுச்சென்ற நிலம் அவனுக்கு விலைப்பொருள் அன்று. பின்னர் நடந்ததை எண்ணிப் பார்க்க வேண்டும். ஈசபேல் அவனை இருளில் கொல்லவில்லை. மன்றம் கூட்டினாள், சாட்சிகளை நிறுத்தினாள், தீர்ப்புப் பெற்றாள். சட்டத்தின் சடங்குகள் அத்தனையும் நிறைவேறின. நீதி மட்டும் இறந்தது. புனித அம்புரோசியார் நான்காம் நூற்றாண்டில் இக்கதையை எடுத்து ஒரு தனி நூலே எழுதினார். நாபோத்தின் கதை பழையதாயினும் நாள்தோறும் நடப்பது என்பதே அவர் கருத்து.

விதி மாறக்கூடியதே

"உலகம் அப்படித்தான், விதியை யாரால் மாற்ற முடியும்?" என்று சிலர் கேட்பர். இதற்கு விடை ஏலகிரியிலேயே இருக்கிறது. ஒரு காலத்தில் இந்த மலை முழுவதும் ஏலகிரி ஜமீன் குடும்பத்தின் தனிச்சொத்தாக இருந்தது. பலகையின் கட்டங்கள் எல்லாம் ஒரே கையில் சேர்ந்த நிலை அது. அக்காலத்து மனிதருக்கு அதுவே மாறாத இயற்கையாகத் தோன்றியிருக்கும். ஆனால் 1948-இல் சென்னை மாகாணத்தில் ஜமீன் ஒழிப்புச் சட்டம் இயற்றப்பட்டது. 1950-களின் தொடக்கத்தில் இம்மலையும் அரசின் வசமாயிற்று. மனிதர் எழுதிய விதியை மனிதரே திருத்தி எழுதினார்கள்.

வாடகை வீட்டு விதியும் அவ்வாறே மாறிவந்துள்ளது. தமிழ்நாட்டில் 1960-இல் இயற்றப்பட்ட வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் இடத்தில், 2017-இல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம் நிற்கிறது. எழுத்து வடிவில் ஒப்பந்தம் வேண்டும் என்கிறது அது. ஒப்பந்தம் வேறுவிதமாகக் கூறாவிடில், முன்பணம் மூன்று மாத வாடகையை மீறலாகாது என்கிறது. குடியிருப்பவரை விரட்டுவதற்காகத் தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்துவதைத் தடுக்கிறது. இவை நல்ல விதிகள். ஆனால் எத்தனை லைன் வீடுகளில் இன்று எழுத்து ஒப்பந்தம் இருக்கிறது? முன்பணத்தை அப்படியே திருப்பித் தருவோர் எத்தனை பேர்? சுவரில் ஆணி அடித்ததற்கும், சுண்ணாம்பு உதிர்ந்ததற்கும் கணக்குப் போட்டுப் பாதியைக் கழித்துக்கொள்வது சட்டத்துக்கு எட்டாத இடத்தில் நடக்கிறது. அங்கே மனச்சான்று ஒன்றுதான் நடுவர்.

மற்றொரு பக்கத்தையும் சொல்லாமல் விடுவது நேர்மையன்று. வீட்டு உரிமையாளர் எல்லாரும் செல்வர் அல்லர். கணவனை இழந்து, முன்பக்கத்து ஓர் அறையை வாடகைக்கு விட்டு, அதில் மருந்து வாங்கும் தாய் நம் பங்குகளில் இருக்கிறார். ஓய்வூதியம் இல்லாத முதியவருக்கு மாடிப் போர்ஷன்தான் சோறு. மாதக்கணக்கில் வாடகை தராமல், கேட்டால் வழக்கு மன்றம் போ என்று மிரட்டும் குடித்தனக்காரரும் உண்டு. போக்கியத்துக்கு வாங்கிய வீட்டைப் பாழாக்கிவிட்டுப் போவோரும் உண்டு. நீதி உடைமையாளரிடம் மட்டும் கேட்கப்படுவதன்று. ஒப்பிய வாடகையை ஒப்பிய நாளில் தருவதும், பிறர் பொருளைத் தன் பொருளாய்ப் பேணுவதும் குடியிருப்பவரின் கடன்.

ஆயினும் ஒரு கதவின் முன் நாம் கொஞ்சம் நின்றாக வேண்டும். அந்த அட்டைப் பலகை ஒரு வகையில் நம்மைவிட நேர்மையானது. அதில் கையில் பணம் உள்ள எவரும் எந்தக் கட்டத்திலும் நிற்கலாம். "நீங்கள் என்ன ஆள்கள்?" என்று பலகை கேட்பதில்லை. நம் தெருக்களில் கேட்கிறார்கள். வாடகை தரத் தயாராய், முன்பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு வரும் குடும்பம், சாதியின் பெயராலோ சமயத்தின் பெயராலோ வாசலிலேயே திருப்பி அனுப்பப்படுகிறது. "சொந்தக்காரர் வருகிறார்கள்", "ஏற்கெனவே பேசியாகிவிட்டது" என்னும் மெல்லிய பொய்களுக்குள் அந்த மறுப்பு சுற்றிக் கொடுக்கப்படுகிறது. பெத்லகேமில் இடமின்றி அலைந்த குடும்பத்தின் குடிலை ஆண்டுதோறும் முற்றத்தில் அழகாய் அமைக்கும் வீடுகளிலும் இது நடக்குமானால், அந்தக் குடிலுக்கு என்ன பொருள்? இதற்குச் சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. இது ஒவ்வொரு வீட்டுக்காரரும் இன்றே மாற்றி எழுதக்கூடிய விதி.

நாம் விரும்பும் வெற்றி

மேகி அம்மையாரின் இரண்டாவது விதியை மக்கள் ஏன் கைவிட்டார்கள் என்னும் கேள்வி எஞ்சி நிற்கிறது. அது சுவையற்றது, அதில் வெற்றியாளர் இல்லை என்று சொல்லலாம். ஆனால் உற்று நோக்கினால் வேறொன்று தெரிகிறது. எல்லாரும் சற்று உயர்ந்தால் நமக்குக் கிளர்ச்சி இல்லை; பக்கத்தில் இருப்பவர் தாழ்ந்தால்தான் நாம் உயர்ந்ததை உணர்கிறோம். வெற்றியைத் தூரத்தால் அளக்கப் பழகிவிட்டோம். இந்தப் பழக்கமே மாற்றத்துக்குப் பெரிய தடை. விதி நூலை மாற்றுவது அரசால் இயலும்; நம் சுவையை மாற்றுவது நம்மால்தான் இயலும்.

நம் பல்லாங்குழியை நினைவுகூரலாம். அதிலும் ஒருவர் காய்களைச் சேர்க்கிறார், மற்றவர் இழக்கிறார். ஆனால் ஒரு சுற்றில் தோற்றவர் எழுந்து போய்விடுவதில்லை. கையில் எஞ்சியதைக் கொண்டு நிரம்பும் குழிகளை நிரப்பிக்கொண்டு அடுத்த சுற்றில் மீண்டும் ஆடுகிறார். இழந்த குழிகளை மீட்கவும் அவருக்கு வழியுண்டு. இழந்தவனுக்கும் பலகையில் இடம் வைத்திருந்த ஆட்டம் அது. லேவியர் நூல் கூறும் யூபிலி ஆண்டின் உட்பொருளும் இதனோடு ஒத்தது. ஐம்பதாம் ஆண்டில் விற்ற நிலம் பழைய குடும்பத்துக்குத் திரும்ப வேண்டும்; அடிமைப்பட்டவர் வீடு திரும்ப வேண்டும். நிலத்தை என்றென்றைக்குமாக விற்கக் கூடாது. ஏனெனில் அது கடவுளுடையது, மனிதர் அதில் தங்கிச் செல்லும் விருந்தினர். வாங்குவதையும் விற்பதையும் அந்த விதி தடுக்கவில்லை. யாரும் நிரந்தரமாக ஆட்டத்தைவிட்டு வெளியேற்றப்படக் கூடாது என்று மட்டும் அது எல்லை வகுத்தது. இழப்பு ஒரு தலைமுறையோடு நிற்கட்டும், பிள்ளைகள் மேல் ஏறவேண்டாம் என்பதே அதன் கருணை.

ஏலகிரிக்கு ஏறும் சாலையில் 14 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. அவற்றுக்குத் தமிழ்ப் புலவர்களின் பெயர்களும், பாரி முதலான வள்ளல்களின் பெயர்களும் சூட்டப்பட்டுள்ளன. கொடுத்தே பெயர் பெற்றவர்களின் பெயர்களைக் கடந்துதான் நாம் அந்த வாடகை அறைகளை அடைகிறோம். பாரியைப்போல் முல்லைக்குத் தேர் ஈயுமாறு நம்மிடம் யாரும் கேட்கவில்லை. முன்பணத்தைக் குறைக்காமல் திருப்பித் தரலாம். சம்பளம் ஏறாத ஆண்டில் வாடகையை ஏற்றாமல் இருக்கலாம். வேலை இழந்த குடும்பத்துக்கு ஒரு மாதம் பொறுக்கலாம். சாதி கேளாமல் கதவு திறக்கலாம். மலையில் காட்டேஜ் நடத்துவோர் அம்மலை மக்களுக்கு நியாயமான கூலியில் வேலையும், அவர்கள் விளைவித்த கனிக்கு நியாயமான விலையும் தரலாம்.

இவை எதனையும் விதி நம்மிடம் கட்டாயம் கேட்பதில்லை. விதி கேட்பதை மட்டும் செய்பவர் குற்றமற்றவர் ஆகலாம். நீதிமான் ஆவதற்கு அதற்கு அப்பாலும் ஓர் அடி வைக்க வேண்டும். நம் பிள்ளைகள் விளையாட்டில் வாடகை வாங்கக் கற்றுக்கொள்வார்கள். அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வீட்டைக் காலி செய்து சாவியைத் திருப்பித் தர வரும் குடும்பத்தை நாம் எப்படி அனுப்பிவைக்கிறோம் என்பதையும் அவர்கள் அருகில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் கற்கும் இரண்டாவது விதி அதுவே.